எத்தனையா, எவ்வளவா? ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு கணக்கு

துணிக்கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதிவிட்டு வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். 'த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்சஸ்' என்று எழுதியிருந்தேன். நேர்காணலில் அந்த கடைசி 'எஸ்'ஸைப் பென்சிலால் சுழித்துக் காட்டினார்கள். ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு 'எ', 'எஸ்' போடலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் வழி இது.

முதல் படி: சொல்லை விட்டுவிட்டு அது குறிக்கும் பொருளைப் பாருங்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு யாரோ கண்ணாடித் தம்ளரைத் தரையில் வைத்திருக்கிறார்: 'தேர் இஸ் எ கிளாஸ் ஆன் த ஃப்ளோர்'. கால் பட்டுச் சுக்குநூறானால் 'தேர் இஸ் கிளாஸ் ஆன் த ஃப்ளோர்'. 'எ' போனதும் தம்ளரும் போய்விட்டது, கிடப்பது சில்லு.

இரண்டாம் படி: 'எத்தனை'யா, 'எவ்வளவா' என்று தமிழில் கேளுங்கள். எத்தனை கோழி வளர்க்கிறீர்கள்? 'டென் சிக்கன்ஸ்'. குழம்புக்கு எம்புட்டு கோழி வாங்கினீர்கள்? அரைக் கிலோ, அது வெறும் 'சிக்கன்'. 'ஐ ஏட் எ சிக்கன்' என்றால் முழுக் கோழியையும் தின்றதாக அர்த்தம்.

மூன்றாம் படி: எத்தனை என்றால் 'எ' அல்லது 'எஸ்', கேள்விக்கு 'ஹவ் மெனி'. எவ்வளவு என்றால் இரண்டும் வேண்டாம், கேள்விக்கு 'ஹவ் மச்'.

நான் தடுக்கியது இங்கேதான். 'பத்துத் தேங்காய்' என்றாலே நமக்குப் போதும், 'கள்' தேவையில்லை. 'எ'வுக்குச் சரியான ஈடும் தமிழில் கிடையாது. அதனால் இந்த வித்தியாசம் நம் காதில் விழுவதே இல்லை. வேலை செய்து கிடைத்த அனுபவம் எவ்வளவு என்று கேட்போம், ஆகவே 'எக்ஸ்பீரியன்ஸ்'. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்தில் சிக்கித் திணறியது ஒரு சம்பவம், ஆகவே 'அன் எக்ஸ்பீரியன்ஸ்' ('அன்' என்பது 'எ'வின் இன்னொரு வடிவம்). தலையில் இருப்பது 'ஹேர்', சாம்பாரில் கிடந்தது 'எ ஹேர்'.

சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் அகராதியை இணையத்தில் பாருங்கள், இலவசம்தான். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் 'சி' (எண்ணக்கூடியது), 'யு' (எண்ண முடியாதது) என்று தனித்தனியே குறித்திருப்பார்கள். தமிழ் அர்த்தம் மட்டும் சொல்லும் செயலிகள் இதற்கு உதவாது.

பின்சேர்க்கை: "எத்தனை அட்வைஸ் கொடுத்தேன் என்கிறோமே?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்கு என் தமிழ்க் கேள்வி செல்லாது. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், 'எஸ்' வரவே வராது. எண்ணியாக வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'. அப்புறம், கடையில் 'டூ காஃபிஸ்' என்று கேட்பது சரிதான். அங்கே எண்ணுவது தம்ளரை.