சிவப்பு + வெள்ளை = இளஞ்சிவப்பு: அந்திமந்தாரைக் கணக்கு போடுவது எப்படி?

மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டலின் பட்டாணியில் ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் கலந்தால், முதல் தலைமுறை முழுக்க ஊதாதான். அந்திமந்தாரை அப்படியில்லை. தூய சிவப்பையும் தூய வெள்ளையையும் கலந்தால் எல்லாமே இளஞ்சிவப்பாகப் பூக்கும். இதற்குப் பெயர் முழுமையற்ற ஓங்குதன்மை. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர்; ஒவ்வொரு செடியிலும் இரண்டு இருக்கும். சிவப்பு அல்லீலுக்கு 'சி', வெள்ளைக்கு 'வெ'. ஆங்கிலத்தில் ஓங்கு அல்லீலை (மற்றதை அடக்குவது) பெரிய எழுத்திலும் ஒடுங்கு அல்லீலை (அடங்கிப்போவது) சின்ன எழுத்திலும் எழுதுவார்கள். இங்கே யாரும் யாரையும் முழுதாக அடக்குவதில்லை. அதனால் பெரியது சின்னது என்ற பேதமே இல்லாத நம் எழுத்து இதற்கு ரொம்பவே பொருத்தம்!

படி 2: பெற்றோர் சிசி, வெவெ. ஒவ்வொரு இனச்செல்லுக்கும் (விதை உருவாக ஒன்றுசேரும் ஆண், பெண் செல்) ஒரே ஓர் அல்லீல்தான் போகும். ஆகவே பிள்ளைகள் அனைத்தும் சிவெ.

ஏன் இளஞ்சிவப்பு? நிறமி உண்டாக 'சி' வேண்டும். 'வெ'யால் அந்த வேலை நடக்காது. ஒற்றைச் 'சி' மட்டும் இருந்தால் நிறமி குறைவாகவே உருவாகும், பூ வெளிறித் தெரியும். பட்டாணியிலோ ஊதாவுக்கு ஓர் அல்லீலே போதும். அங்கே வெள்ளை வெளியே தெரியாததற்குக் காரணம் அதுதான்.

படி 3: இப்போது இரண்டு இளஞ்சிவப்புச் செடிகளைக் கலப்போம். பெற்றோரின் அல்லீல்கள் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் புன்னட் கட்டம் இது:

| | சி | வெ |
|---|---|---|
| சி | சிசி | சிவெ |
| வெ | சிவெ | வெவெ |

எண்ணிப் பாருங்கள்: சிவப்பு 1, இளஞ்சிவப்பு 2, வெள்ளை 1. பட்டாணியில் இதே கட்டம் 3:1 என்று முடியும். இங்கே தோற்ற விகிதமும் ஜீன் விகிதமும் ஒன்றே, 1:2:1. பூவைப் பார்த்தாலே ஜீனைச் சொல்லிவிடலாம்; ஜீனைக் கண்டுபிடிக்க ஒடுங்கு வகைச் செடியோடு கலந்து பார்க்கும் சோதனைக் கலப்பைத் தனியாகச் செய்யத் தேவையில்லை.

பலரும் சறுக்குவது இங்கேதான்: பெயின்ட் கலப்பதுபோல ஜீன்களும் கலந்துவிட்டன என்று நினைத்துக்கொள்வார்கள். கலந்திருந்தால் பேரப்பிள்ளைகளில் பளிச்சென்ற சிவப்பும் சுத்த வெள்ளையும் எப்படித் திரும்பி வரும்? கலந்தது நிறம் மட்டும்தான்.

இன்னொன்று, நான்கு விதை போட்டால் அச்சாக 1:2:1 வர வேண்டும் என்பதில்லை. 80 செடி வளர்த்தால் 20, 40, 20க்குப் பக்கத்தில் வரும்.

சரி, ஒரு பயிற்சி: இளஞ்சிவப்பையும் வெள்ளையையும் கலந்து கட்டம் போடுங்கள். பாதி இளஞ்சிவப்பு, பாதி வெள்ளை வந்திருந்தால் விடை சரி. சிவப்பு வந்திருந்தால் படி 2க்குத் திரும்புங்கள்.