சிலை வைக்க அவசரப்படாதீர்கள்: மறைந்த கலைஞர்களை நினைவுகூரும்போது நடக்கும் தவறுகள்

ஒரு பாடகரோ நடிகரோ ஓவியரோ இறந்த செய்தி வந்த சில மணி நேரத்திலேயே இரண்டு காரியம் நடந்துவிடும். எல்லாரும் அஞ்சலிப் பதிவு போடுவோம். அப்புறம் யாராவது ஒருத்தர் “அவருக்கு ஒரு சிலை வைக்கணும்” என்று ஆரம்பிப்பார், பத்துப் பேர் ஆமோதிப்பார்கள், அந்தச் சூட்டிலேயே ஒரு குழுவும் உருவாகிவிடும். எண்ணம் நல்லதுதான். ஆனால் பதிவில் தவறு செய்தால் அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம், வெண்கலத்தில் செய்தால் அது முச்சந்தியில் நின்று ஊரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பாலுக்கு அதுதான் நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் அவர் வளர்ந்த செலரான் என்ற சிற்றூரில் 2009-ல் வைத்த சிலையில் அவருடைய சாயல் துளிகூட இல்லை. ஜனங்கள் அதற்குப் ‘பயமுறுத்தும் லூசி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2016-ல் வேறொரு சிற்பியை வைத்துப் புதுச் சிலை செய்யவேண்டியதாயிற்று. இந்த மாதிரிக் கோளாறைத் திறப்பு விழாவில் கண்டுபிடித்துப் பிரயோஜனம் இல்லை, களிமண் மாதிரியிலேயே கண்டுபிடிக்க வேண்டும். வெண்கலச் சிலை என்றால் சிற்பி பெரும்பாலும் முதலில் களிமண்ணில் உருவம் பிடிப்பார், அதிலிருந்து அச்சு எடுத்துத்தான் உலோகத்தை வார்ப்பார்கள். களிமண்ணாக இருக்கும்வரை மூக்கை மாற்றலாம், தோளைத் தாழ்த்தலாம். வார்த்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதனால் அந்தக் கட்டத்தில் அவரோடு நெருங்கிப் பழகினவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். குழுத் தலைவர் மட்டும் போய்ப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தால் போதாது. பிரபலமான ஒரே ஒரு புகைப்படத்தைக் கொடுத்து “இப்படியே செய்யுங்கள்” என்பதும் தவறு, அதில் பக்கவாட்டு முகம் எங்கே இருக்கிறது? பல வயதில், பல கோணத்தில் எடுத்த படங்கள் வேண்டும், அவர் நடந்து பேசும் வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. பீடத்தின் உயரத்தையும் சிற்பியிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது முகம் வேறு மாதிரி தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எழுத்தாளர் பால்சாக்குக்குச் சிலை செய்யும் பொறுப்பைப் பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம் 1891-ல் சிற்பி ரோடினிடம் கொடுத்தது. ரோடினோ முகத்தை அப்படியே வடிப்பதைவிட அந்த மனிதரின் வேகத்தைப் பிடிக்கப் பார்த்தார். 1898-ல் மாதிரியைப் பார்த்த சங்கம் “இது வேண்டாம்” என்றது. பாரிஸ் தெருவில் அது வெண்கலமாக நின்றது 1939-ல், ரோடினே இறந்து இருபது வருஷம் தாண்டிய பிறகு. இன்று அதைத் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். சங்கத்தை நான் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். சாயல் வேண்டுமா, அவருடைய கலையின் மூச்சு வேண்டுமா என்பதை இரண்டு தரப்பும் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளாமல் போனால் இப்படித்தான் இழுக்கும்.

இடம். இதில் சறுக்காதவர்கள் குறைவு. லண்டனில் ஃபுல்ஹாம் கால்பந்து அணியின் மைதானத்தில் 2011-ல் மைக்கேல் ஜாக்சனுக்குச் சிலை வைத்தார்கள். காரணம், அணியின் அன்றைய உரிமையாளர் அவருக்கு நண்பர், ஜாக்சன் 1999-ல் அங்கே வந்து ஒரு ஆட்டம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். 2013-ல் உரிமையாளர் மாறினார், சிலையும் போய்விட்டது. சிவாஜி கணேசன் சிலை கதை வேறு: 2006-ல் சென்னைக் கடற்கரைச் சாலையில் திறந்தார்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்தது, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2017-ல் அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய நடிகரை கிரேன் வைத்துத் தூக்கும் காட்சியைப் பார்க்க ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! எந்தத் திசையைப் பார்த்து நிற்கப்போகிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். 1845-ல் ஜெர்மனியின் பான் நகரில் இசைமேதை பீத்தோவன் சிலைத் திறப்பு விழாவுக்கு பிரஷ்ய மன்னரும் விக்டோரியா ராணியும் வந்து மாடத்தில் நின்றார்கள். திரை விலகியது. பீத்தோவன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். (அவர் குணத்துக்கு அது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றும்.)

அதே பீத்தோவன் சிலைக்கான வசூல் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரான்ஸ் முழுவதிலிருந்தும் வந்த நன்கொடை 425 பிராங்கைக்கூடத் தொடவில்லை, கடைசியில் இசைக்கலைஞர் லிஸ்ட் தன் கையிலிருந்து 10,000 பிராங்க் கொடுத்துக் காரியத்தைக் காப்பாற்றினார். உங்கள் குழுவுக்கு ஒரு லிஸ்ட் கிடைப்பார் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். வசூலிக்கும் முன்பே பணம் எதற்கு, மிச்சம் வந்தால் எங்கே போகும், போதாவிட்டால் என்ன செய்வோம் என்று சொல்லிவிடுவது மரியாதை.

செலவு திறப்பு விழாவோடு முடிவதும் இல்லை. கியூபாவின் ஹவானா நகரப் பூங்காவில் 2000-ல் வைத்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் சிலையின் மூக்குக் கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் திருடிக்கொண்டு போனார்கள். கடைசியில் கண்ணாடியைப் பத்திரமாக வைத்திருந்து, படம் எடுக்க யாராவது வந்தால் மாட்டிவிட ஒரு காவலாளியே தேவைப்பட்டார். பாரிஸில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் கல்லறையில் ரசிகர்கள் உதட்டுச் சாயத்தோடு முத்தமிட்டு முத்தமிட்டே கல் அரித்துப்போய், 2011-ல் சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். அன்பினாலும் கல் கெடும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் லெனன் நினைவாக உள்ள பகுதி நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம், அவருடைய மனைவி யோகோ ஓனோ உருவாக்கத்துக்கு மட்டுமல்லாமல் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தது. யார் கழுவுவது, யார் பழுது பார்ப்பது, பத்து வருஷம் கழித்து யாரைக் கூப்பிடுவது என்று ஒரு காகிதத்தில் எழுத முடியவில்லை என்றால் சிலையை விட்டுவிட்டு ஒரு மரம் நடுங்கள். அதற்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், அது வேறு விஷயம்.

கல்வெட்டு வாசகத்தைச் செதுக்கும் முன் குடும்பத்திடமும் விஷயம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பாரதியாரின் நினைவு நாளே செப்டம்பர் 11-ஆ 12-ஆ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை, நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால் வந்த குழப்பம் அது. அப்புறம், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை தந்தவர் பெயரெல்லாம் கலைஞர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வரக்கூடாது. இதையெல்லாம் சொல்லவேண்டி இருக்கிறதே!

அவசரத்துக்கு ஒரு நல்ல மருந்து லண்டனில் இருக்கிறது. பிரபலமானவர்கள் வாழ்ந்த வீட்டில் பதிக்கும் நீல வட்டப் பலகைக்கு, அவர் இறந்து குறைந்தது 20 வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அத்தனை வருஷம் எல்லாருக்கும் சரிப்படாது, நண்பர்களே உயிரோடு இருக்கமாட்டார்கள். ஆனாலும் இரண்டு வருஷமாவது பொறுத்தால் நல்லது, குடும்பமும் துக்கத்திலிருந்து எழுந்து பேசும் நிலைக்கு வந்திருக்கும்.

இணைய அஞ்சலிக்கு வருவோம். குடும்பமோ அவர்கள் சார்பில் பேசுகிறவரோ உறுதி செய்யும்வரை எதையும் பகிராதீர்கள். அவரைப் போல வேடமிட்ட நடிகரின் படத்தை அவர் படமாகப் போடுவது, யாரோ எழுதிய வரியை அவர் சொன்னதாகப் போடுவது, இரண்டும் வாராவாரம் நடக்கிறது. 2016-ல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் இறந்தபோது சீரியோஸ் என்ற காலை உணவுத் தானிய நிறுவனம் ஊதா நிறப் பின்னணியில் இரங்கல் போட்டு, ‘i’ எழுத்தின் புள்ளிக்குப் பதிலாகத் தன் தானிய வளையத்தை வைத்தது. திட்டு வாங்கி அழித்தது. அதைவிடக் கவனமாக இருக்கவேண்டியது, தற்கொலை செய்துகொண்டவர்கள் விஷயத்தில். 2014-ல் அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் மறைந்தபோது, ‘அலாதீன்’ படத்தில் அவர் குரல் கொடுத்த பூதத்தை வைத்து ‘நீ விடுதலையானாய்’ என்ற பொருளில் ஆஸ்கர் அமைப்பு போட்ட பதிவு காட்டுத்தீயாகப் பரவியது. தற்கொலைத் தடுப்பு வேலையில் இருப்பவர்கள் பதறினார்கள், சாவு விடுதலை தரும் என்று தவிப்பில் இருக்கும் இன்னொருவர் படித்துவிடக்கூடாதே என்று. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. அப்பாவைப் போலச் செய்த வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள் என்று ராபின் வில்லியம்ஸின் மகள் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். மறைந்தவர் குரலில் புதுப்பாட்டு உருவாக்கி வீட்டாருக்கு அனுப்பும் ஆர்வலர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

சிலைக்கு ஓடுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று, வீட்டில் இருக்கும் பொருள்கள். காந்த ஒலிநாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், சில பழைய நாடாக்கள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், அவற்றை வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டு ஓட்டினால் உள்ளதும் போச்சு. ஓவியரின் குறிப்பேடுகள், ஒத்திகைப் பதிவுகள், கடிதங்கள் எல்லாம் வீட்டைக் காலி செய்யும் ஒரே வாரத்தில் பழைய பேப்பரோடு போய்விடும். குடும்பம் சம்மதித்தால் எதையும் இடம் மாற்றும் முன் அலமாரியை இருந்தபடியே படம் எடுத்து, கூட வாசித்தவர்களை வரவழைத்து, எந்தப் பதிவில் யார் யார் இருக்கிறார்கள், எந்த வருஷம், எந்த மேடை என்று அவர்கள் சொல்லச் சொல்ல உறையின் மேல் எழுதிக்கொள்ளுங்கள், நாடாவின் மேல் அல்ல.