நியூட்ரல் சுவிட்சுக்கு ரேட்டிங் எழுதும்போது

கோலாலம்பூரில் புதிதாக வேலைக்கு வந்த தம்பிகளும் தங்கைகளும் அனுப்பும் ஜெனரேட்டர் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கேபிள் அளவு, எழுத்துப்பிழை எல்லாம் யார் கண்ணிலாவது பட்டுவிடும். ஜெனரேட்டரின் மூன்று ஃபேஸ்களும் சேரும் புள்ளியான நியூட்ரலுக்கும், ஃபால்ட் கரண்டை மட்டுப்படுத்தும் எர்த் ரெசிஸ்டருக்கும் நடுவில் வரும் சுவிட்சில்தான் எங்கள் தலைமுறை செய்த தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன.

"நியூட்ரலில் ஏது வோல்ட்டேஜ்?"

சாதாரண நேரத்தில் கிட்டத்தட்ட இல்லைதான். அதை நம்பி, விலையும் குறைவு என்று, 11 கிலோவோல்ட் ஜெனரேட்டர் செட்டுக்கு 3.6 கிலோவோல்ட் சுவிட்சை எழுதிவிடுகிறார்கள். அந்தச் சுவிட்சுக்குச் சோதனையே எர்த் ஃபால்ட் வரும்போதுதான். ஒரு ஃபேஸ் எர்த்தைத் தொட்டதும் நியூட்ரல் ஃபேஸ் வோல்ட்டேஜுக்கு, அதாவது 11-ஐ √3-ஆல் வகுத்தால் வரும் 6.35 கிலோவோல்ட்டுக்கு எழும்பிவிடும்.

பல செட் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்றின் நியூட்ரலை மட்டும் எர்த்தில் வைத்து, மற்றவற்றைத் திறந்துவைப்பது வழக்கம். அப்போது எல்லா செட்டும் சேரும் பஸ்பாரில் ஃபால்ட் வந்தால், திறந்திருக்கும் ஒவ்வொரு சுவிட்சின் இடைவெளியிலும் அந்த 6.35 முழுசாக நிற்கும். "சரி, 7.2 போதுமே" என்பார்கள். லோடு சட்டென்று விழுந்து, வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ஏவிஆர் சுதாரிப்பதற்குள் வோல்ட்டேஜ் 30 சதவீதம் ஏறினால் கணக்கு 8.2-ஐத் தாண்டுகிறது. 12 கிலோவோல்ட் வகுப்பையே எழுதுங்கள்: ஒரு நிமிடம் 28, மின்னல் போன்ற திடீர் இம்பல்ஸ் என்றால் 75 கிலோவோல்ட் தாங்கும்.

செராஸ் பக்கம் ஒரு கட்டடத்தில், பேனல் அறைக்குள் இறங்கிய பிறகுதான் சார்ஜ்மேன் (உரிமம் பெற்ற மின் பணியாளர்) அண்ணன் நேம்பிளேட்டைப் படித்து "இது 3.6 ஆச்சே" என்றார். 12 கிலோவோல்ட் சுவிட்சுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. பெட்டியை மாற்றினால் கேபிள் நுழைவும் மாறும், அதை மாற்றினால் கதவு சுவரில் இடிக்கும். சுவிட்சில் மிச்சப்படுத்திய காசு எந்த மூலைக்கு? இன்னும் இதே வரி வரைபடத்தில் வரும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் எழுதும் மேசையிலேயே ஒரு வகுத்தலில் தெரிந்துவிடும் விஷயம் இது.

400 ஆம்பியர், எவ்வளவு நேரம்?

ரெசிஸ்டருக்கு எழுதியிருக்கும் 400 ஆம்பியர் 10 வினாடிக்கு மட்டும். அதைச் சுவிட்சின் தொடர் கரண்டாக நகல் எடுக்காதீர்கள். நியூட்ரலில் ஓயாமல் ஓடும் மூன்றாம் ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் ஓடும் கரண்ட்) எவ்வளவு என்று ஜெனரேட்டர் தயாரிப்பாளரிடம் கேட்டு, தொடர் கரண்டை அதிலிருந்து எழுதுங்கள். 400-ஐக் குறுகிய நேரத் தாங்குதிறனாகத் தனி வரியில் போடுங்கள்.

ஐசொலேட்டர்

சர்க்யூட்டைப் பிரித்துவைக்க மட்டும் உள்ள சுவிட்ச் இது, ஃபால்ட் கரண்டை வெட்டாது. வெட்ட வேண்டுமென்றால் பிரேக்கர்.

ரெசிஸ்டர் இல்லாத 400 வோல்ட் செட்

இங்கே மூன்று ஃபேஸ் ஃபால்ட்தான் பெரிது என்று நினைத்து அதன் கிலோஆம்பியரையே சுவிட்சுக்கும் எழுதுகிறார்கள். ஜெனரேட்டரின் பூஜ்ய வரிசை ரியாக்டன்ஸ் (மூன்று ஃபேஸிலும் ஒன்றாக ஓடி நியூட்ரல் வழியாகத் திரும்பும் கரண்டுக்கு வரும் தடை) சின்னது. பெர் யூனிட் கணக்கில் நேர், எதிர் வரிசை (ஃபேஸ்கள் சரியான வரிசையிலும் தலைகீழ் வரிசையிலும் சுழலும் கரண்டுக்கு வரும் தடை) இரண்டும் 0.15, பூஜ்யம் 0.05 என்றால், மூன்று ஃபேஸ் ஃபால்ட் செட்டின் முழு லோடு கரண்டைப் போல 6.7 மடங்கு, ஒரு ஃபேஸ் எர்த் ஃபால்ட் 8.6 மடங்கு. ஒரே ஒரு எர்த் இணைப்பு இருந்தால், ஓடும் எல்லா செட்களின் பங்கும் அந்த ஒரு சுவிட்ச் வழியாகத்தான் திரும்பும். எத்தனை செட் ஓடும் என்பதை வைத்து அதன் தாங்குதிறனைக் கணக்கிடுங்கள்.