கய்யாலைத் தகராறில் கோபத்தைக் கர்த்தரிடம் விடுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். சி.எஸ்.ஐ. சபைக்காரன். ஏக்கர் கணக்கில் பாகம் பிரிக்க வருகிறவர்கள் என் மேசைக்கு முன்னால் சாந்தமாகத்தான் உட்காருவார்கள். கண் சிவந்து வருகிறவர்கள் எல்லாம் ஓரடி, ஒன்றரை அடி கய்யாலைக்காரர்கள், அதாவது எல்லையில் நிற்கும் மண் வரப்புக்காகச் சண்டை போடுகிறவர்கள். அதிலும் பெரும்பாலும் அண்ணன் தம்பி, இல்லாவிட்டால் சித்தப்பா மகன். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு ஓரமாக உட்காருகிறவர்கள். அவர்களிடம் சொல்லுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையில் வெட்டுக்கத்தியோ மம்பட்டியோ இருந்தால் முதலில் அதை வீட்டுக்குள் கொண்டு வையுங்கள். ஜெபமெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது, அன்றைக்குப் பதில் சொல்லக் கூடாது. கய்யாலையில் ஏறி நின்று கத்துகிறவன் உங்களுக்காக மட்டும் கத்துவதில்லை. ரோட்டில் போகிறவனுக்கும் கேட்க வேண்டும் அவனுக்கு. ஏசாயா 36-ஆம் அதிகாரத்தில் அசீரியா ராஜாவின் ஆள் ரப்சாக்கே செய்ததும் இதுதான். யூதா ராஜா எசேக்கியாவின் ஆட்கள், அலங்கத்தில் (கோட்டை மதிலில்) இருக்கிற ஜனங்கள் கேட்க யூத பாஷையில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும், வேண்டுமென்றே அந்தப் பாஷையிலேயே உரக்கக் கூப்பிட்டான். எசேக்கியாவின் ஆட்கள் மறுவார்த்தை பேசவில்லை. காரணம், பதில் சொல்ல வேண்டாம் என்று ராஜா முந்தியே கட்டளையிட்டிருந்தார். அந்த ‘முந்தியே’தான் முக்கியம். சண்டை சூடாகிவிட்ட பிறகு வாயை மூடும் புத்தி யாருக்கும் வராது. ஆகவே இன்றைக்கு, வீடு அமைதியாக இருக்கும்போதே, மனைவி மக்களோடு உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தீர்மானித்து வையுங்கள். “நாளைக்குப் பேசுவோம் அண்ணாச்சி” என்பது போதும். அவர் என்ன சொன்னாலும் அதையே சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். தோற்றுவிட்டோம் என்றுதான் அப்போது தோன்றும். தோன்றட்டும்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதே கட்டளைதான். “பழிவாங்குதல் எனக்குரியது” என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் நம்மூரில் நிறைய. ரோமர் 12:19-ஐக் கொண்டே பழிவாங்குகிற சாமர்த்தியம் அது. யாரைக் குத்துகிறது என்று ஊருக்கே தெரியும்.

இனித்தான் உண்மையான வேலை. பிறகு அசீரியா ராஜா மிரட்டி அனுப்பிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, எசேக்கியா வாங்கி வாசித்தார். கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தார். ஏசாயா 37:14. இதை அப்படியே செய்யுங்கள் என்றுதான் நான் சொல்லுவது. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, எடுத்துக் கட்டிலில் விரியுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். அவர் அனுப்பிய மெசேஜ் இருந்தால் போனைத் திறந்து வையுங்கள். நிலத்தின் ரீசர்வே எண்ணைச் சொல்லியே ஜெபியுங்கள். “ஆண்டவரே, என் மனதுக்குச் சமாதானம் தாரும்” என்று பொதுவாகத் தொடங்கினால் ஐந்து நிமிஷத்தில் மனசு மறுபடியும் கய்யாலைக்கே ஓடிவிடும். இன்னார் இதைச் செய்தார், இந்த வார்த்தை சொன்னார், அப்பா பெயரை இழுத்தார், எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்லுங்கள். சங்கீதக்காரர்கள் மரியாதை பார்த்தா ஜெபித்தார்கள்? 35-ஆம் சங்கீதம் “கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி” என்று தொடங்குகிறது. வாய்விட்டு வாசியுங்கள். வழக்கை அவர் கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஜெபத்தை வீட்டு ஜெபக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். “எல்லைக் கல்லைப் பிடுங்குகிறவர்களின் இருதயத்தைத் திருப்பும் பிதாவே” என்று ஒரு அக்கா ஜெபித்ததும், எதிரே இருந்தவர் ஆமென் சொல்லாமல் செருப்பைத் தேடியதும் நான் கண்ணால் பார்த்தது.

அதே கட்டிலில், அதே ராத்திரி, ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். நூறு அடி நீளக் கய்யாலை ஓரடி நகர்ந்தால் நூறு சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கால் சென்ட் கூட வரவில்லை. விடச் சொல்லவில்லை, எதற்காகச் சத்தம் போடுகிறோம் என்ற அளவு தெரிந்திருக்கட்டும்.

நகர்ந்தது எப்படி என்றும் யோசியுங்கள். நம் கய்யாலை வெறும் மண். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. ஒவ்வொரு மழைக்கும் பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் இடிந்து விழும். மேட்டு விளைக்காரர், அதாவது மேட்டுத் தோட்டக்காரர், மண்ணை வாரி மேலே அப்புவார். பள்ளத்துக்காரர் மரச்சீனிக் கிழங்கு நட அடியில் சற்றுக் கொத்தி எடுப்பார். இருபது முப்பது வருஷத்தில் கய்யாலை இருந்த இடம் ஒன்று, இருக்கிற இடம் ஒன்று. யாரும் திருடவில்லை, மழை செய்த வேலை. பழைய ஆதாரமும் உதவாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், தாத்தா காலத்து ஆதாரம் மலையாளத்தில், மலையாள வருஷமான கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கும். அதில் ‘கிழக்கே தோடு’, அதாவது ஓடை, என்று எழுதியிருக்கும். அந்தத் தோடே இடம் மாறியிருக்கும். அடுத்தவர் வேண்டுமென்று வெட்டினார் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா என்று ஆண்டவருக்கு முன்னால் கேட்டுப் பார்த்தால், பாதிப் பேருக்குத் தெரியாது. வெட்டியதைக் கண்ணால் பார்த்த மீதிப் பேரும் மேலே படிக்கலாம்.

“கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சும்மா இருப்பது என் கணக்கில் விசுவாசம் ஆகாது. நிருபத்தை விரித்த அதே எசேக்கியாதான் இடிந்த மதிலைக் கட்டினார், தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தார். நீங்களும் புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். எல்லை அளந்து தரும்படி மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டுங்கள். மனுக் கொடுப்பதற்கு முந்தின நாள் நீங்களே நேரில் போய், “அண்ணாச்சி, நாளைக்கு அளக்க எழுதிக் கொடுக்கப் போறேன், நீங்களும் நிக்கணும்” என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்துத்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்று வைத்தால் புதிதாக ஒரு சண்டை. பவுல் அப்போஸ்தலனும் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியைத் தடுத்தார், ரோமப் பேரரசரான இராயனே தன் வழக்கைக் கேட்கட்டும் என்று அபயமிட்டார். சட்டத்திடம் போவது அவிசுவாசம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மாட்டேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனிடம் “பொறுமையா இரு மக்களே, ஜெபம் பண்ணு” என்று அனுப்பி வைக்கிறவர்கள் சபைக்குள் இருக்கிறார்கள். எல்லைத் தகராறுக்கு நான் சொல்லும் மருந்து அதற்குப் பொருந்தாது. அந்தப் பெண் முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வரவேண்டும், போலீசுக்கும் போகவேண்டும்.

மனுக் கொடுத்ததற்கும் அளக்க வருவதற்கும் நடுவில் இருக்கிற நாட்கள்தான் கஷ்டம். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும்; அவர் சொன்ன வார்த்தை அதே குரலில் காதில் கேட்கும். முதல் நாள் ஒப்புக்கொடுத்தது பொய்யா என்று பயப்பட வேண்டாம். எழுந்து ஆதாரத்தை மறுபடி விரியுங்கள். கிறிஸ்தவரான நம்மூர் தேவசகாயம் பிள்ளை 1749-இல் பிடிக்கப்பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் பிடிபட்டதற்கும் சுடப்பட்டதற்கும் இடைப்பட்ட அந்த வருஷங்களை நினைத்துக்கொள்வேன். காற்றாடிமலைக்கு வேன் பிடித்துப் போய் வந்த மறுநாளே, நல்ல வக்கீல் யார் என்று என்னிடம் விசாரித்தவர்களும் உண்டு.

திருவிருந்து ஞாயிறு நடுவில் வந்தால் ஒளியாதீர்கள். ஆலய வாசலில் அவரைப் பார்த்தால் “சுகமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் முகத்தைத் திருப்பினால் அது அவர் பாடு. மத்தேயு 5-இல் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னது உங்களை.

அளந்து கல் நட்ட பிறகு, கோடு உங்கள் பக்கம் உள்ளே வந்தாலும் வரலாம். அன்றைக்கு எழும்பும் கோபத்தையும் இதே கட்டிலில்தான் விரிக்க வேண்டும். ஆதியாகமம் 26-இல் ஈசாக்கு வெட்டிய துரவுகளுக்குச் சண்டை வந்தபோது விட்டுவிட்டு அடுத்ததை வெட்டினார். இரண்டு துரவு போன பிறகுதான் சண்டையில்லாத மூன்றாவது கிடைத்தது.

கடைசியாக, தீர்ந்ததை எழுத்தில் வையுங்கள். மண் கய்யாலைக்குப் பதில் கல் கட்டுவதென்றால் செலவு யாருடையது, எல்லையில் நிற்கிற அயனி மரம் யாருக்கு, அடுத்த விளையில் விழுகிற பலாச்சக்கை யாருக்கு என்று தனித்தனியாக எழுத வேண்டும். அந்தச் சக்கைக்காகவே மறுபடி பேசாமல் போன குடும்பங்கள் உண்டு. இரண்டு பேரும் ஒன்றாக வந்து உட்கார்ந்து, வாசிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள். செலவை ஆளுக்குப் பாதி போடுங்கள், என் கூலியையும் சேர்த்துத்தான்.