நீதிபதி சுல்தானான கதை: அஸ்லான் ஷா வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

மலேசியாவின் பேராக் மாநில சுல்தான் அஸ்லான் ஷாவைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலர், நீதிமன்றம் ஒரு பாதி, அரண்மனை மறு பாதி என்று வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 1984-இல் அரியணை வானத்திலிருந்து விழுந்தது போலாகிவிடும். முதலில் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, ஆண்டுகளை எதிரெதிரே எழுதிக்கொள்ளுங்கள்.

இடப் பத்தியில் சட்டம்: 1928-இல் பத்து காஜாவில் பிறப்பு, நாட்டிங்ஹாமில் சட்டப் படிப்பு, 1954-இல் லண்டனின் லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் அமைப்பு வழியாக வழக்கறிஞர், 1965-இல் 37 வயதில் உயர் நீதிமன்ற நீதிபதி, 1973-இல் கூட்டரசு நீதிமன்றம், 1982 நவம்பரில் லார்ட் பிரெசிடென்ட், அதாவது நாட்டின் தலைமை நீதிபதி. வலப் பத்தியில் அரண்மனை: 1962-இல் ராஜா கெச்சில் பொங்சு என்ற இளவரசர் பட்டம், 1983-இல் ராஜா மூடா (பட்டத்து இளவரசர்), 1984 பிப்ரவரி 3-இல் 34-ஆவது சுல்தான். இரண்டு ஏணியிலும் அவர் ஒரே காலத்தில் ஏறியது அப்போதுதான் கண்ணில் படும்.

வலப் பத்தியில்தான் பிழை மலிந்திருக்கும். 'சுல்தானின் மகன், அதனால் சுல்தானானார்' என்று எழுதிவிடாதீர்கள். தந்தை யூசோப் இசுதீன் ஷா 1963-இல் மறைந்ததும் பதவி போனது இன்னொரு கிளையைச் சேர்ந்த இட்ரிஸ் ஷாவுக்கு. பேராக்கில் இளவரசர்களுக்குப் படிநிலைப் பட்டங்கள் உண்டு. மேலே ஓர் இடம் காலியானால் கீழே இருப்பவர் நகர்வார். பொங்சு அதில் ஆறாவது படி. மூத்தவர்கள் அடுத்தடுத்து மறைந்ததால்தான் அவர் முதல் படிக்கு வந்தார்.

பெயரிலும் கவனம் வேண்டும். தீர்ப்புகளில் அவர் ராஜா அஸ்லான் ஷா. 'சுல்தான்' என்று போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அவர் தலைமை வகித்த கூட்டரசு நீதிமன்றத்தை 'உச்ச நீதிமன்றம்' என்று எழுதுவதும் தவறு. அந்தப் பெயர் வந்தது 1985-இல், அவர் விலகிய பிறகு. மலேசிய மாமன்னர் வரிசையில் அவர் 9-ஆவது, 1989 முதல் 1994 வரை. பேராக் சுல்தான் வரிசையின் 34 என்ற எண்ணோடு இதைக் குழப்பாதீர்கள்.

தீர்ப்புகளை அடுக்க வேண்டாம், ஒன்றே ஒன்றை நன்றாக விளக்குங்கள். நான் பரிந்துரைப்பது 1979-இன் ஸ்ரீ லெம்பா வழக்கு. நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதி கேட்ட நிறுவனத்திடம், நிரந்தர உரிமையை விட்டுக்கொடுத்து 99 ஆண்டு குத்தகைக்கு ஒத்துக்கொள்ளச் சொன்னது நில அலுவலகம். அது செல்லாது என்றார் அஸ்லான் ஷா: எல்லையற்ற விருப்புரிமை (தன் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரம்) என்பதே முரண்பாடு, சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, இல்லையேல் அது சர்வாதிகாரம்.

இதை இங்கே விரிவாக வைத்தால்தான், பேராக்கில் 2009-இல் எழுந்த ஆட்சி நெருக்கடியைச் சொல்லும் பகுதிக்கு வலு சேரும். ஆளும் தரப்பிலிருந்து மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதும், மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) நிஜார் சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார். சுல்தான் மறுத்தார், பிப்ரவரி 6-இல் எதிர்த்தரப்பின் சம்ரி மந்திரி பெசாராகப் பதவியேற்றார். கலைக்க மறுப்பது சுல்தானின் விருப்புரிமை என்கிறது பேராக் அரசியல் சாசனம். எதிர்த்தவர்களோ அவருடைய பழைய தீர்ப்பு வரிகளையே எடுத்துக் காட்டினார்கள். 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் சம்ரிதான் சட்டப்படி மந்திரி பெசார் என்றது. இந்த மூன்றையும் இதே வரிசையில் எழுதுங்கள். உங்கள் தீர்ப்பை நடுவில் நுழைக்காதீர்கள். சாசனப் பிரிவை விட்டுவிட்டாலும், எதிர்த்தவர்களின் வாதத்தை விட்டுவிட்டாலும் குறிப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஹாக்கிக்கு ஒரு வரி போதும்: அவர் பெயரிலான கோப்பை 1983-இல் தொடங்கியது. மறைவு 2014 மே 28. அடுத்து வந்தவர் ராஜா மூடாவாக இருந்த மகன் நஸ்ரின் ஷா.