மூட்டு வலியா, மனச்சோர்வா: சிறுவயது மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு

காலை ஆறரை மணி. ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எழ மறுக்கிறாள். அப்பா சோம்பேறித்தனம் என்கிறார். அம்மா மூட்டு வலிக்கிறது போல என்கிறார். மனசு சரியில்லாமல் இருக்குமோ என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் ஏதும் தென்படாமல், 6 வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கி இறுகிக் கிடந்தால் அதைச் சிறுவயது மூட்டுவாதம் என்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் வருவது அபூர்வமில்லை. சிக்கல் என்னவென்றால் களைப்பு, தூக்கக் கெடுதல், பசியின்மை, எரிச்சல் ஆகிய நான்கும் மூட்டுநோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால் வீட்டார் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். 'வலியில இருக்கா, அதான் அப்படி' என்று மனச்சோர்வைக் கடந்துபோவது ஒன்று. 'எல்லாம் மனசுதான்' என்று மெய்யான வலியைத் தள்ளிவிடுவது இன்னொன்று. முதல் தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டாவது நடந்தால் பிள்ளை அதன் பிறகு உங்களிடம் எதையும் சொல்லாது.

இரண்டு வார நோட்டு

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் இரவு நான்கு விஷயம் எழுத வேண்டும்: காலையில் இறுக்கம் விட எத்தனை நிமிடம் ஆனது, வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரத் தூக்கம், அன்று விரும்பிச் செய்த ஒரு காரியம். எழுத வேண்டியது பிள்ளை. விரல் வலித்தால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதலாம், ஆனால் எண்ணைத் திருத்தக் கூடாது. 'நேத்து எட்டுன்னே, இன்னைக்கு கிரிக்கெட் பாத்தியே' என்று குறுக்கு விசாரணை செய்தால் நோட்டு மூன்றாம் நாளே நின்றுவிடும்.

பதினான்கு நாள் முடிந்ததும் படித்துப் பாருங்கள். காலை இறுக்கம் 10 நிமிடத்திலிருந்து 45 நிமிடத்துக்கு ஏறியிருக்கிறது, முழங்காலோ மணிக்கட்டோ தொட்டால் சூடாக, வீங்கி இருக்கிறது, கூடவே முகமும் வாடிக் கிடக்கிறது என்றால் நோய் கிளம்பியிருக்கிறது. மூட்டுவாத மருத்துவரிடம் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் பேசுங்கள். இறுக்கம் மாறவில்லை, வீக்கமும் இல்லை, ஆனால் நான்காவது வரி தொடர்ந்து காலியாக இருக்கிறது, தோழிகளின் வாட்ஸ்அப்புக்குக்கூடப் பதில் போடுவதில்லை, 'என்னால எல்லாருக்கும் செலவு' என்பதுபோல் பேச்சு வருகிறது என்றால் இது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டு வாரம் என்பது ஊகமாகச் சொன்ன கணக்கு அல்ல, மனநல மருத்துவர்களும் அதைத்தான் வரம்பாக வைத்துக் கேட்பார்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், மருத்துவர் அழுத்திப் பார்த்தும் வீக்கம் இருக்காது, வலி மட்டும் எட்டு, ஒன்பது என்று நிற்கும். இது நடிப்பல்ல. நெடுநாள் வலி பட்ட நரம்பு மண்டலம், தீ அணைந்த பிறகும் அடிக்கும் அலாரம் போல ஆகிவிடும். இங்கே ஓய்வு கெடுதல். நல்ல நாளில் ஒரேயடியாக ஓடி மறுநாள் படுத்துக்கொள்வதும் கெடுதல். 10 நிமிட நடையில் தொடங்கி, நல்ல நாளோ கெட்ட நாளோ அதே 10 நிமிடம், அடுத்த வாரம் 12 என்று பிசியோதெரபிஸ்ட் சொல்படி கூட்ட வேண்டும்.

படிப்பில் திடீரென்று ஆர்வம் குறைந்தால் கண்ணையும் பாருங்கள். இந்த நோயில் கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் சிவக்காமல், வலிக்காமல் பார்வையைக் குறைக்கும். கண் மருத்துவர் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி உருப்பெருக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை தவறியிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

ஊசி நாள்

வீட்டில் பெரிய போராட்டம் வாரத்துக்கு ஒரு முறை நடக்கிறது. மூட்டு அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒரே ஒரு நாள் தரும் மருந்து. தவறி தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் காலண்டரில் கிழமையை வட்டமிடுங்கள். சில மாதங்களில் பல பிள்ளைகளுக்கு மருந்து உள்ளே போவதற்கு முன்பே குமட்டல் வந்துவிடும். சிரிஞ்சில் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே, சிலருக்கு ஸ்பிரிட் வாசனை வந்தாலே வாந்தி. அடம் என்று திட்டுகிறோம். உடம்பு பாடம் கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். கற்றதை மறக்கடிக்கச் சில வழிகள்:

சனிக்கிழமை இரவு படுக்கப் போகும் முன் கொடுத்தால் குமட்டலின் பெரும்பகுதி தூக்கத்தில் கழியும், மறுநாள் விடுமுறை. அன்று பிள்ளைக்குப் பிடித்த பிரியாணியோ மாம்பழ ஜூஸோ வேண்டாம். குமட்டலோடு சேர்ந்து பிடித்த உணவும் வெறுத்துப் போகும். இட்லி, மோர் சாதம் போதும். மருந்தைச் சாப்பாட்டில் மறைத்துக் கொடுக்காதீர்கள், கண்டுபிடித்த அன்றிலிருந்து சாப்பாட்டின் மேலும் சந்தேகம் வரும். வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் போடாமல் இடத்தை மாற்றிப் பாருங்கள், மஞ்சள் தெரியாதபடி சிரிஞ்சை ஒரு துணியில் சுற்றுங்கள். அடாலிமுமாப் போன்ற ஃபிரிட்ஜில் வைக்கும் ஊசி என்றால் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள், குளிர்ந்தபடியே போட்டால் எரியும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கக் கூடாது. மரத்துப்போகும் க்ரீம் மருத்துவர் எழுதித் தந்தால் ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். ஐந்து நிமிடம் முன்பு தடவிவிட்டு 'வேலை செய்யல' என்பவர்கள்தான் அதிகம்.

இடது தொடையா வலது தொடையா, எண்ணுவது யார், எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு. போடுவதா வேண்டாமா என்பது மட்டும் பேரத்தில் இல்லை. தயார் என்று சொன்னதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். 'இன்னும் ரெண்டே நிமிஷம்மா' என்று ஒரு மணி நேரம் இழுத்தால் பயம் வளரும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லி, வெளியே விடும்போது குத்துங்கள். 'வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள். தூங்கும்போது போடும் தந்திரமும் வேண்டாம், தூக்கம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் வாந்தி நிற்கவில்லை என்றால் டோஸை நீங்களாகக் குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் அளவை மாற்றலாம், முன்கூட்டியே வாந்தியைத் தடுக்கும் மாத்திரை தரலாம், மாத்திரையிலிருந்து ஊசிக்கோ ஊசியிலிருந்து மாத்திரைக்கோ மாறலாம், வேறு மருந்துக்கே போகலாம்.

ஸ்டீராய்டும் முகம் பார்க்கும் கண்ணாடியும்

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையை நேரடியாக ஆட்டும்: காரணமில்லாத அழுகை, எரிச்சல், இரவில் விழித்துக் கிடப்பது. காலையில் சாப்பிட்ட பின் கொடுத்தால் தூக்கம் கொஞ்சம் தப்பும். முகம் உப்பிவிடுவது பதினான்கு வயதில் சின்ன விஷயமல்ல. கல்யாண வீட்டில் ஒரு அத்தை 'என்னடி, நல்லா பூசினாப்ல ஆயிட்டே!' என்று கன்னத்தைக் கிள்ளினால் போதும், மறுநாளிலிருந்து மாத்திரை ஜன்னல் வழியே போகும். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து, உடம்பின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு உடனே எழுந்துகொள்ளாது. அதனால் அட்டையில் மாத்திரைகளை எண்ணுங்கள். விடுபட்டிருந்தால் அடிக்காமல், திட்டாமல், டோஸ் குறையக் குறைய முகம் பழையபடி ஆகும் என்பதைச் சொல்லி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அத்தைகளுக்கு விசேஷத்துக்கு முந்தின நாளே போன் செய்து, உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பள்ளிக்கூடம்

பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து எல்லார் பையையும் காவல் காக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் கடிதத்தில் 'விளையாட்டு கூடாது' என்று ஒரு வரி எழுதி வாங்கியதன் பலன் அது. அதற்குப் பதிலாக, எதெல்லாம் செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள். கூடவே: தரைத்தள வகுப்பறை அல்லது லிஃப்ட், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க அனுமதி, வீட்டுக்கு ஒன்றும் பள்ளிக்கு ஒன்றுமாக இரண்டு செட் புத்தகம், வெஸ்டர்ன் டாய்லெட், இறுக்கம் அதிகமான நாளில் முதல் பீரியடுக்குத் தாமதமாக வர அனுமதி. சென்னைப் பள்ளிகள் பலவற்றில் பெரிய வகுப்புகள் மேல்மாடியில்தான் இருக்கும். இடைவேளையில் கீழே இறங்க முடியாத பிள்ளை தனியாகத்தான் சாப்பிடும்.

தேர்வுச் சலுகைகளுக்கு மாற்றுத்திறனாளி சான்று இருந்தால் வழி சுலபம். சி.பி.எஸ்.இ.யில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மாநிலப் பாடத்திட்டத்திலும் சலுகைகள் உண்டு. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள், ஜனவரியில் ஓடினால் முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி

'இருக்கிறதுக்குச் செத்துடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. எதிரில் உட்கார்ந்து கேட்பதைவிட வண்டியில் போகும்போதோ, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கும்போதோ கேட்டால் பதில் வரும். 'ஆமாம்' என்றால் பதறி அழாமல், எப்போது, எப்படி என்று யோசித்திருக்கிறாயா என்று அடுத்ததையும் கேளுங்கள். அன்று தனியாக விடாதீர்கள். இந்த வீட்டில் ஆபத்தான பொருள் மருந்துப் பெட்டிதான்: மெத்தோட்ரெக்சேட்டையும் பாராசிட்டமாலையும் பூட்டி வைத்து, அன்றைய அளவை மட்டும் வெளியே எடுங்கள். வழி யோசித்து வைத்திருந்தால் அன்றே மருத்துவமனை, அவசரமென்றால் 108. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் 1986லிருந்து இயங்குகிறது: 044-24640050.

யாரிடம் போவது

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவ நிலையம் 1794ல் தொடங்கியது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சினிமா கேலி செய்தே கெடுத்துவிட்ட பெயர், அதனால் வீட்டார் தயங்குவார்கள். தயக்கம் பெரிதாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் தொடங்கலாம், மூட்டுவாத மருத்துவரிடமே பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். பதின்வயதுப் பிள்ளை என்றால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள். காதல், சிகரெட், விட்ட மாத்திரை எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளியே வரும்.

முதல் முறை போகும்போது இரண்டு வார நோட்டும், எல்லா மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். நாப்ராக்சன், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரையோடு, மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின் வகை மருந்து சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்; இதை மனநல மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டியிருக்கலாம். முதல் கட்டமாகப் பெரும்பாலும் பேச்சு சிகிச்சைதான் தருவார்கள். மாத்திரை தந்தால் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் படபடப்போ விபரீத எண்ணமோ கூடினால் அன்றே போன் செய்யுங்கள். நோட்டை நிறுத்த வேண்டாம். நான்காவது வரி நிரம்ப ஆரம்பித்தால் மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.