பிழையை விழுங்கும் மேக்ரோ: அலுவலக வேலையைத் தானியங்கியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேரும் இளைஞர்கள் சில மாதங்களிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: தினமும் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு எண்களை எடுத்து ஒட்டும் வேலையை இனிக் கையால் செய்வதில்லை. நல்ல முடிவு. எக்செல் போன்ற செயலியில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்தான் மேக்ரோ. அதைக் கற்றுக்கொள்ள நாங்கள் புத்தகம் தேடி அலைந்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் நிரல் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் எங்கள் தலைமுறை இடறி விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசல் கோப்பில் சோதனை செய்யாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

## யாரும் படிக்காத அறிக்கையைத் தானியங்கியாக்குவது

ஓசூர் சிப்காட் பகுதியில் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில், தினசரி உற்பத்தி அறிக்கையைப் பல கோப்புகளிலிருந்து திரட்டித் தரும் மேக்ரோ வேண்டும் என்றார்கள். எழுதுவதற்கு முன், அந்த அறிக்கை யார் யாருக்கெல்லாம் போகிறதோ அவர்களிடம் சென்று, அதில் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் மட்டும் நிராகரிக்கப்பட்ட உதிரிபாகங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவந்தார். அந்த ஒரே எண்ணை ஷிஃப்ட் மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியதும் அறிக்கையே நின்றுபோனது. மேக்ரோவுக்கு அங்கே வேலை இல்லை. இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்.

## பிழையை விழுங்கும் வரி

இதை நீளமாகவே எழுதப்போகிறேன். வேறு தவறுகளைப் பார்த்தால் திருத்திக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இதைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

எக்செல் மேக்ரோவில் ‘ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி உண்டு. பிழை நேர்ந்தால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடு என்பது அதன் பொருள். மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேக்ரோ பாதியில் நின்று பிழைச் செய்தி காட்டினால் எழுதியவருக்குச் சங்கடமாக இருக்கிறது. யாரோ ஒருவர் இந்த வரியை மேலே சேர்த்துவிடச் சொல்கிறார். சேர்த்ததும் செய்தி மறைகிறது, மேக்ரோ கடைசிவரை ஓடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. நீர் கசியும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்த நேரம். எடை மேடையிலுள்ள கணினி ஒவ்வொரு வண்டியின் மொத்த எடை, வெற்று வண்டியின் எடை, நிகர எடை ஆகியவற்றை நாள் முடிவில் ஒரு சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகத் தந்துவிடும். கணக்குப் பிரிவிலிருந்த தம்பி அந்தக் கோப்பைப் படித்து, விவசாயி வாரியாகத் தொகையைக் கணக்கிட்டு, வங்கிக்கு அனுப்ப வேண்டிய பட்டியலை உருவாக்கும் மேக்ரோவை எழுதியிருந்தார். கெட்டிக்காரர். மாலை முழுவதும் இழுத்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

ஒரு நாள் எடை மேடைக்கும் கணினிக்கும் இடையிலான இணைப்பு கோளாறானது. அங்கிருந்த ஊழியர் சில வண்டிகளின் எடையைக் கையால் தட்டச்சு செய்தார். எண்ணோடு ‘கேஜி’ என்பதையும் சேர்த்துவிட்டார். ‘8450 கேஜி’ என்பது கணினிக்கு எண் அன்று, எழுத்து. அதை எண்ணாக மாற்ற வேண்டிய வரியில் மேக்ரோவுக்குப் பிழை நேர்ந்தது. பிழை வந்தால் தாண்டிப் போ என்று முன்பே கட்டளையிட்டிருந்ததால் அது தாண்டிப் போனது.

பலரும் அறியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. மாற்றும் வரி செயல்படாமல் போனால், எடையைத் தாங்கியிருக்கும் மாறி பூஜ்யமாகிவிடாது. முந்தைய சுற்றில் அதில் என்ன இருந்ததோ அதையே வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே முந்தைய வண்டியின் எடை இந்த வண்டியின் பெயரிலும் எழுதப்பட்டது. எட்டரை டன் கொண்டுவந்தவருக்கு, அவருக்கு முன்னால் சிறிய வண்டியில் வந்தவரின் எடை விழுந்தது. இன்னோர் இடத்தில் இதற்கு நேர்மாறாக, சிறு விவசாயி ஒருவருக்கு லாரி எடைக்கான தொகை போனது. பூஜ்யம் என்று வந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். வந்தவை எல்லாம் நம்பும்படியான எண்கள். மேலாளர் பட்டியலைப் பார்த்தார், கையெழுத்திட்டார், பணம் போய்விட்டது.

குறைவாகப் பெற்ற விவசாயி எடைச் சீட்டோடு ஆலை வாசலுக்கு வந்தபிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அவருக்கு முதலில் கிடைத்த பதில், “கணினியில் இப்படித்தான் இருக்கிறது, ஐயா.” இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. ஆண்டு முழுவதும் தோப்பைக் காத்துவிட்டு ஒரு பருவத்தின் வருமானத்தை நம்பியிருக்கும் மனிதர் அவர். ஆலையே அச்சிட்டுக் கொடுத்த சீட்டு அவர் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் சீட்டைச் சந்தேகித்தார்கள், மேக்ரோவை நம்பினார்கள். விசாரித்தபின் குறைந்த தொகையைக் கொடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கூடுதலாகப் போன பணத்தை அடுத்த சுமையில் பிடிக்கப்போய், அதற்குள் அதைச் செலவழித்துவிட்டிருந்தவர்களோடு மனக்கசப்பு வந்தது. சிலர் மீதிப் பழத்தை வேறு ஆலைக்குக் கொண்டுபோனார்கள்.

இதைத் திருத்துகிறேன் என்று இறங்குபவர்கள் அடுத்த பள்ளத்தில் கால் வைக்கிறார்கள். எழுத்து கலந்த எண்ணைப் படிக்க ‘வால்’ என்ற கட்டளையைப் பயன்படுத்தச் சொல்வார்கள். ‘8450 கேஜி’ என்பதை அது 8450 என்று ஒழுங்காகவே படிக்கும். ஆனால் யாராவது ‘8,450’ என்று காற்புள்ளி இட்டு எழுதியிருந்தால், காற்புள்ளியைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிட்டு 8 என்று சொல்லும். எட்டாயிரத்து நானூற்று ஐம்பது கிலோ பழம் எட்டு கிலோ ஆகிவிடும். இதற்கும் பிழைச் செய்தி எதுவும் வராது.

பெரிய நாடுகளின் பெரிய அமைப்புகளும் இதற்கு விலக்கில்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா பரிசோதனை முடிவுகளைத் திரட்டப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் பயன்படுத்தியது. அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. அதற்கு மேல் வந்தவை சத்தமின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமானது.

என்ன செய்யலாம்? அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஏதோ ஒரே இடத்தில் அது தவிர்க்க முடியாதது என்றால், அந்த இடத்தைத் தாண்டியதும் ‘ஆன் எர்ரர் கோ டூ ஜீரோ’ எழுதிப் பழைய நிலைக்குத் திரும்புங்கள். எண்ணாக மாற்ற முடியாத வரிசையை வண்டி எண்ணோடு தனித் தாளில் எழுதச் சொல்லுங்கள். அதை ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்கட்டும். எடை மேடைக் கணினி தன் திரையில் காட்டும் அன்றைய மொத்த வண்டிகளையும் மொத்த எடையையும் ஊழியர் ஒரு கட்டத்தில் உள்ளிடட்டும். மேக்ரோ கணக்கிட்ட மொத்தத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால் வங்கிப் பட்டியலே உருவாகக் கூடாது. இந்தச் சரிபார்ப்பு ஒன்று இருந்திருந்தால் அந்த விவசாயி வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லாம் சரியாக முடிந்த நாளிலும் மேக்ரோ செய்தி சொல்ல வேண்டும்: இத்தனை வரிசை வந்தது, இத்தனை வரிசை எழுதப்பட்டது, இத்தனை ஒதுக்கப்பட்டது. பிழை வந்தால் மட்டும் பேசும் நிரல், ஓடாமலே இருந்துவிட்ட நாளிலும் அமைதியாகத்தான் இருக்கும்.

## கணக்கு எண்ணை எண்ணாக விட்டுவிடுவது

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக இட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பிறகு அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் இப்படியே மறைந்துபோகும். சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கும்போதே இது நடந்துவிடுகிறது என்பதால், கோப்பை டேட்டா பட்டி வழியாக இறக்கி, அந்த நெடுவரிசையை எழுத்து என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டுக்கும் ஒரு சோதனை வையுங்கள். அது 11 இடங்கள் கொண்டது. ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் இருக்கும். அங்கே ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் ஏராளம்.

## தேதியை அதன் போக்கில் விடுவது

05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு மே 6. அப்படிப்பட்ட கணினியில் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்களின் தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அதற்குப் பிந்தைய தேதிகள் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-06-05 என்று எழுதும்படி அனுப்புபவரிடமே கேட்டுப் பெறுங்கள். எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காகவே மனித மரபணுப் பெயரிடல் குழு ‘மார்ச்1’ என்ற மரபணுவின் குறியீட்டை ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றி, அதற்கான வழிகாட்டுதலை 2020-இல் வெளியிட்டது. அறிவியலாளர்களே வழிவிட்டு ஒதுங்கிய இடம் இது, கவனமாக இருங்கள்.

## பெயரை வைத்துப் பட்டியல்களைச் சேர்ப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கோவிந்தசாமி, முனியப்பன், மாதம்மாள் என்ற பெயர்கள் ஒரே ஊரிலேயே பலருக்கு இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்தாலும் தீராது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வைத்து மட்டுமே சேர்க்க வேண்டும்.

தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ‘கோ’ என்ற எழுத்தை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒற்றை ஓகாரக் குறியோடும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் எழுத்து எழுத்தாக ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு. கோவிந்தசாமி பட்டியலில் இருந்துகொண்டே ‘இல்லை’ என்று வருவார். கூகுள் தாள், ஜிமெயில் போன்றவற்றுக்கு நிரல் எழுத உதவும் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் இதைச் சீராக்க ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் எதையும் தொடங்காதீர்கள். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

## கடவுச்சொல்லை மேக்ரோவுக்குள் எழுதிவைப்பது

கூடவே கூடாது. மேக்ரோவுக்குப் போடும் பூட்டைச் சில நிமிடங்களில் திறந்துவிடலாம்.

## அனுப்பியதைக் குறித்துவைக்காமல் மின்னஞ்சல் அனுப்புவது

இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளில் 100 பேருக்குத்தான் மின்னஞ்சல் போகும். அதற்கு மேல் நிரல் நின்றுவிடும். மறுநாள் முதலிலிருந்து ஓட்டினால், முதல் நூறு பேருக்கு அதே நிலுவைக் கடிதம் இரண்டாம் முறை போகும். பணம் கட்டியவர்கள் கோபத்தோடு அழைப்பார்கள். ஒவ்வொரு கடிதமும் போனவுடன் அந்த வரிசையில் நேரத்தை எழுதுங்கள். நேரம் எழுதப்பட்ட வரிசையை நிரல் தொடக் கூடாது.

## இணையதளத்தில் நம் சார்பில் பொத்தான் அழுத்தும் நிரல்

முதலில் மொத்தமாக ஏற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு அனுப்புவதற்கான மின்னணு ஆவணத்தை எடுக்கும் இ-வே பில் தளத்தில் இருக்கிறது.

## ஒருவருக்கு மட்டும் தெரிந்த மேக்ரோ

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். நன்றாக மேக்ரோ எழுதக் கற்ற இளைஞர் அதிகச் சம்பளத்துக்கு அங்கே போவார். போவதில் தவறே இல்லை. அவர் போன மாதக் கடைசியில் அலுவலகம் திணறும்போது, எல்லோரும் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டுவதுதான் தவறு. எந்தக் கோப்பு எங்கிருந்து வருகிறது, எந்த நிலையில் நிறுத்த வேண்டும், மேக்ரோ இல்லாமல் கையால் செய்வது எப்படி என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அந்தக் கோப்பின் முதல் தாளிலேயே வையுங்கள். எழுதியவர் விடுப்பில் இருக்கும் நாளில் வேறொருவர் அதைப் படித்து ஓட்டிப் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்த வேண்டும்.

## இரவு ஓட்டத்தை மின்சாரத்தை நம்பி விடுவது

குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் புதிதாகப் பதிவு செய்யும்போது, மின் இணைப்பு இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற குறி தானாகவே இடப்பட்டிருக்கும். மடிக்கணினியில் பேட்டரி முழுவதும் இருந்தாலும் மின்வெட்டு நேரத்தில் வேலை தொடங்காது. கண்டிஷன்ஸ் பக்கத்தில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தில், நேரம் தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் தொடங்கச் சொல்லும் குறியை இடுங்கள். பிறகு ஒரு மாலை, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வேலை தொடங்குகிறதா என்று அருகிலிருந்து பாருங்கள்.